வாலியர் காட்டுத் தண்ணீர்

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த ஊரில், எங்கள் காட்டுக்கு எங்களுக்கு முன்பே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். முதல் வாரம் என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போன என் வீட்டுக்காரர், ஏரைப் பூட்டிவிட்டு, ஆளே இல்லாத வெளியைப் பார்த்து, "வூட்டுக்காரங்களே, கொஞ்சம் ஒத்திக்குங்க, ஏரு வருது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

தர்மபுரி தனி மாவட்டமான மறு வருஷம் அது. தீர்த்தமலைக்குப் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி, பாறைக் கரடுகளுக்கு நடுவில் முப்பது வீடுகள். வானத்தைப் பார்த்து விதைக்கிற காடுகள். நான் கடத்தூரில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அந்த ஊரில் கடிதாசி வந்தால் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

எங்கள் காட்டின் மேல்கோடியில் ஐந்து கல் வீடுகள் இருந்தன. நாலு பக்கமும் பலகைக் கல் நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்ட வீடுகள். உயரம் என் இடுப்புக்கு மேல் வராது. கிழக்குப் பக்கத்துக் கல்லில் மட்டும் வட்டமாக ஒரு ஓட்டை. பெரிய ஆள் உள்ளே போக முடியாது. சின்னப் பிள்ளை தவழ்ந்து போகலாம். அவை வாலியர் வீடுகள் என்று ஊரில் சொன்னார்கள். வாலியர் என்பவர்கள் மூன்றடி ஆட்களாம். வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப் போகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதாம். ஆளுக்கொரு கல் வீடு கட்டி, ஓட்டை வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்களாம். போனவர்கள் திரும்ப வெளியே வரவில்லையாம்.

"அதெல்லாம் செத்தவங்களப் பொதைக்கிற எடங்க. எங்க சரித்திரப் பொஸ்தகத்துல போட்டிருக்குது" என்று நான் சொன்னேன்.

"பொதைக்கிற எடத்துக்கு எதுக்குப் புள்ள வாசலு?" என்றார் வீட்டுக்காரர்.

அதற்குச் சரித்திரப் புத்தகத்தில் பதில் இல்லை. பெரிய பெரிய நகரங்கள் எல்லாம் ஆறு திசை மாறியதாலும் வெள்ளத்தாலும் படையெடுப்பாலும் அழிந்தன என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் ஆறும் கிடையாது, வெள்ளமும் கிடையாது. அந்தக் கரட்டைப் பிடிக்க எந்த ராஜா படையெடுத்து வருவான்? அப்படியானால் இத்தனை கல்லைத் தூக்கி நிறுத்தியவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு நாள் யோசித்தேன். அடுப்பில் களி கொதித்தது, யோசனையை விட்டுவிட்டேன்.

உழும்போது கலப்பை நுனியில் பானை தட்டுப்பட்டால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏரை நிறுத்தி, அந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு கரண்டி கேழ்வரகுக் கூழ் ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். அந்தப் பானை எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. இதை எல்லாம் நான் கேலி செய்தேன். ஆனால் ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. உச்சி வெயிலில் கடலைக் காட்டில் தனியாகக் களை எடுக்கும்போது, அந்த ஐந்து ஓட்டைகளுக்கும் முதுகைக் காட்டி உட்கார எனக்கு மனம் வரவில்லை. எப்போதும் அவை என் கண்ணில் படுகிற மாதிரியே உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து களை எடுப்பேன். ஏன் இப்படி எடுக்கிறாய் என்று என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, கேட்டால், வெயில் முகத்தில் அடிக்கிறது அண்ணி என்பேன்.

அதற்கடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊர்க் குட்டை வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு ஊர் தாண்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அந்த வறட்சியிலும் வாலியர் வீடுகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பச்சை இருந்தது. அங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் நிச்சயம் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். ஊரே தயங்கியது. நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். செத்துப் போனவர்களுக்குப் பயந்து உயிரோடு இருப்பவர்கள் சாக வேண்டுமா என்று கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன்.

தெலுங்கு பேசுகிற கல் வேலைக்காரர்கள் நாலு பேர் குடும்பத்தோடு வந்து காட்டிலேயே குடிசை போட்டார்கள். தேங்காய் உடைத்துவிட்டு, கடப்பாரை போட்டு நாலு கல் வீடுகளை நெம்பிச் சாய்த்தார்கள். அடியில் கால் வைத்த மண் தொட்டிகள் இருந்தன. உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமாக மினுமினுக்கும் கிண்ணங்கள், துருப்பிடித்த கத்தி, எலும்புகள். எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டு, கூழ் ஊற்றி மூடினார்கள். ஐந்தாவது வீடு ஓரமாக இருந்ததால் அது தப்பித்தது.

இரண்டு ஆள் ஆழம் போனதும் மேஸ்திரி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஐயா, இது புதுசா வெட்டுற மண்ணு இல்லீங்க. முன்னாடியே யாரோ வெட்டுன குழி. வெட்டிட்டுக் கல்லப் போட்டு அடைச்சிருக்கறாங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். வட்டமாக, ஒரு ஆள் கையை விரித்தால் தொடுகிற அகலத்தில் ஒரு குழி கீழே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் கற்களைக் கொட்டவில்லை, அடுக்கியிருந்தார்கள். மேலே சின்னக் கற்கள், போகப் போகப் பெரிய கற்கள். இடுக்குகளில் களிமண்ணைத் திணித்து இறுக்கியிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை அல்ல அது. பல பேர் பல நாள் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாதி வேலை மிச்சம். வாலியருங்க நமக்குன்னே வெட்டி வெச்சிட்டுப் போயிருக்கறாங்க" என்றார். கற்களை எடுக்க எட்டு நாள் ஆயிற்று. அந்தக் கற்களை வைத்தே ஆட்டுப்பட்டிக்குச் சுவர் எழுப்பினோம். வெட்டின கிணற்றை ஒருத்தன் எதற்கு இவ்வளவு பாடுபட்டு அடைப்பான் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடியில் பாறையில் ஒரே ஒரு வெடி வைத்தார்கள், தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்கு முன் குடித்ததில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும். துவரம்பருப்பு போட்ட சுருக்கில் குழைந்துவிடும். சோப்பை ஒரு தரம் தேய்த்தால் நுரை பொங்கும். மாடு பூட்டி எத்தனை கவலை இறைத்தாலும் மட்டம் இறங்காது. ஊர் முழுவதும் எங்கள் காட்டுக்குக் குடத்தோடு வந்தது. என் வீட்டுக்காரர் ஒருவரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் சுபாவம் அப்படி. வருகிறவர்கள் முதல் குடத்தை மீதமிருந்த கல் வீட்டின் மேல் ஊற்றிவிட்டுத்தான் தங்கள் குடத்தை நிரப்புவார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்து போகும்.

அடுத்த வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்தே நோஞ்சான். எனக்கோ பள்ளிக்கூடத்தில் படித்த சுகாதாரப் பாடம் மனப்பாடம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். ஊரிலும் ஒரு வைத்தியம் இருந்தது: தேறாத பிள்ளைகளுக்கு ஓமத்தைப் போட்டு, தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்துக் கொடுப்பார்கள். நாலைந்து நாள் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். தினமும் ஒரு குண்டான் தண்ணீரை அரைக் குண்டானாகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, அவளுக்கென்று தனிச் செம்பில் ஊற்றி வைப்பேன். சோறும் கஞ்சியும் அவளுக்கு அதிலேயேதான். மற்ற பிள்ளைகள் கிணற்றடியில் கையேந்திக் குடிக்கும்போது இவளை மட்டும் இழுத்துக்கொண்டு வருவேன்.

"ஊருப் புள்ளைங்க எல்லாம் செத்தா போச்சு?" என்பார் நாத்தனார்.

"எம்புள்ள காய்ச்சாத தண்ணி குடிக்காதுங்க அண்ணி" என்பேன். ஏழு வருஷம் ஒரு நாள் தவறாமல் காய்ச்சினேன். காய்ச்சல் என்று நான் படுத்துக் கிடந்த நாளிலும் எழுந்து வந்து காய்ச்சினேன்.

பால் பல் விழுந்து அவளுக்கு முளைத்த புதுப் பற்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து வந்தன. பிறகு அவற்றின் குறுக்கே பழுப்பாகக் கோடுகள் விழுந்தன. ஊரில் மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது, இவளுக்கு அழுத்தமாக இருந்தது. தீர்த்தமலைத் திருவிழாவில் எங்கள் பிள்ளைகள் சிரித்தால் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். ஊரில் அதைப் பெருமை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அதன் பிறகு கால்கள். மகளுக்கு முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றோடொன்று இடித்தன. பாதங்கள் வெளியே விலகின. வளர்த்தியும் நின்றுவிட்டது. ஊரில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நடை மாறியது, ஆனால் இவள் அளவுக்கு யாருக்கும் இல்லை.

பெரியவர்களுக்கும் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாத்தனாருக்கு நாற்பது வயதுதான். காலையில் எழுந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. "எலும்புக்குள்ள நெருப்ப அள்ளி வெச்ச மாதிரி இருக்குதே" என்று முனகிக்கொண்டே உடம்போடு சேர்த்துத் திரும்புவார். அவருக்குக் காரணம் தெரியும். "அவங்க வூட்ட இடிச்சோம். புள்ளைங்களப் புடிச்சுக்கிட்டாங்க. பாரேன், அவங்களாட்டமே குட்டையா ஆக்கறாங்க." வீட்டுக்காரர் கல் வீட்டுக்கு முன்னால் கோழி அறுத்துப் பொங்கல் வைத்தார். நான் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

திட்டினேனே தவிர, எனக்குள் பயம் வந்துவிட்டது. ஒரு நாள் உச்சிப் பொழுதில் நான் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகள் வரிசையாகக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கானல் அலைந்தது. முகம் தெரியவில்லை. குட்டை குட்டையாக, முழங்கால் இடிக்க, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, ஒருவர் பின் ஒருவராக நடந்து போனார்கள். கொஞ்ச நேரத்துக்கு அவர்கள் எங்கள் பிள்ளைகள் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காட்டின் பழைய ஆட்கள் தங்கள் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதில் ஒருத்தி திரும்பிப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டாள். நான் பதில் சொல்ல நேரமாயிற்று.

அவளுக்கு ஏழு முடிகிற சமயம், இன்னொரு மத்தியானம், அவளைக் காணவில்லை. கிணற்றில் எட்டிப் பார்த்தேன், ஆட்டுப்பட்டியில் பார்த்தேன். பிறகுதான் கல் வீட்டுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வருவதைக் கேட்டேன். யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் மண்டியிட்டு ஓட்டை வழியாகப் பார்த்தேன். இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் அவளுக்கு அளவெடுத்துக் கட்டியது போல இருந்தது.

"அம்மா, இங்க ஒரு பாப்பா இருக்குது" என்றாள்.

"வெளிய வா."

"அதுக்கும் எம்மாதிரியே பல்லு வுழுந்து மொளைக்குதும்மா. இந்தா பாரு."

ஓட்டை வழியாகக் கையை நீட்டினாள். கீழ்த்தாடை எலும்பு. பெருச்சாளி பறித்துப் போட்டதோ, ஊற்றின தண்ணீரில் மண் கரைந்து மேலே வந்ததோ, எனக்குத் தெரியாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தாடை. முன்னால் இரண்டு புதுப் பற்கள், பக்கத்தில் ஒரு பல் விழுந்த பள்ளம், பின்னால் ஒரு பல் எலும்பிலிருந்து பாதி தலை நீட்டி நின்றது. பற்கள் சுண்ணாம்பு நிறம். குறுக்கே பழுப்புக் கோடு.

நான் மகளை வெளியே இழுத்து, வாயைத் திற என்றேன். தாடையை அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அவளுக்கும் கீழே முன் பற்கள் இரண்டு முளைத்திருந்தன, பக்கத்தில் ஒன்று விழுந்திருந்தது. கோடுகூட அதே இடத்தில் ஓடியது. படித்த திமிர் எல்லாம் எங்கே போயிற்றோ, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வரை ஓடினேன். ஓடும்போது தாடையைக் கீழே போடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது முந்தானையில் இருப்பதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, அவளுக்குப் பின் பிறந்து பால் குடிக்கிற ஆறு மாதச் சின்னவனை இடுப்பிலும் மகளைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு டாக்டர் இருந்தார், ஆந்திரப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று சொன்னார்கள். அவர் மகளை நடக்கச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார். எந்த ஊர், எந்தத் தண்ணீர், கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். அப்புறம் எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணுல கெடந்தாலும் கறை ஏறும்மா. இத வெச்சு நான் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். "ஆனா உங்க பொண்ணுக்கு என்னான்னு சொல்லுவேன். பாறையில ஒரு உப்பு இருக்குது. ஃபுளோரைடுன்னு பேரு. ஆழத்துத் தண்ணியில கரைஞ்சு வரும். ருசி தெரியாது, நிறம் தெரியாது. பல்லுல ஏறும், எலும்புல ஏறும். ஆந்திராவுல இப்பிடிப்பட்ட ஊருங்க இருக்குது. தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாங்க, சோதனைக்கு அனுப்பலாம்."

அவர் குறிப்பெழுதிக்கொண்டே, மற்ற பிள்ளைகளுக்கும் இதே அளவு வளைந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இவள் மட்டும் தனியாக ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பிறகு, சொல்ல வேண்டிய நல்ல விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது என்று, "இவளுக்கு மட்டும் காய்ச்சின தண்ணிதாங்க தர்றேன். பாதியாச் சுண்டுற வரைக்கும் காய்ச்சுவேன். பொறந்ததுல இருந்து அப்பிடித்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காய்ச்சினா கிருமி சாகும்மா. இது கிருமி இல்ல, உப்பு. தண்ணி ஆவியாப் போயிடும், அது போவாது. சுண்டச் சுண்ட அடர்த்தியாவும். மத்த புள்ளைங்க குடிச்சதப் போல ரெண்டு பங்கு இவ குடிச்சிருக்குறா."

கால் நிமிருமா என்று மட்டும் கேட்டேன். நல்ல தண்ணீர் கொடுத்தால் மேற்கொண்டு வளையாது, வளைந்தது வளைந்ததுதான் என்றார். அந்தத் தாடையைக் காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தக் கற்கள் ஞாபகத்துக்கு வந்தன. அடியில் பெரியது, மேலே சின்னது, இடுக்கில் களிமண். எனக்கு உறுதியாக எதுவும் தெரியாது. அந்தக் குழியை வெட்டியவர்களும் கல் வீடு கட்டியவர்களும் ஒரே ஆட்கள்தானா என்றுகூடத் தெரியாது. ஆனால் யாரோ ஒரு காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்து, தங்கள் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, காலைப் பார்த்து, எலும்புக்குள் நெருப்பு என்று கத்துகிறவர்களைப் பார்த்து, இந்தக் கிணற்றுத் தண்ணீரை இனி ஒருவரும் குடிக்கக் கூடாது என்று கல் கல்லாக இறக்கி அடைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் எட்டு நாள் கூலி கொடுத்துத் திறந்தோம்.

சோதனையின் முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. நான் கிணற்றடியில் எல்லோரும் சேர்ந்த ஒரு காலையில் அதைச் சொன்னேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்பினார்கள்.

"பல்லு கறையா இருந்தா என்னா, சோறு மெல்லுதில்ல" என்றார் ஒருவர்.

"படிச்சவ சொல்றா. இதே தண்ணிய ஏழு வருஷமாக் காய்ச்சிக் குடுத்ததும் இவதான்" என்றார் நாத்தனார். அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "மூடிடலாம் புள்ள. மூடிட்டு முப்பது வூடும் எதக் குடிக்கிறது?" என்று கேட்டார். குட்டையில் மறுபடி தண்ணீர் நின்ற வருஷங்கள் குறைவு. தாகம் இன்றைக்கு இருக்கிறது, எலும்பு வளைவது நாளைக்குத்தானே. அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அழிந்துபோனார்கள், மறைந்துபோனார்கள் என்று எழுதுகிறார்களே, அவர்களில் ஒருவரும் ஒரு காலையில் மறைந்துபோயிருக்க மாட்டார்கள். முதலில் ஒரு வீடு பானை சட்டியைக் கட்டியிருக்கும். போகிறவளைப் பார்த்து மற்றவர்கள் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு வீடு. கடைசியில் போக இடமில்லாதவர்கள் மட்டும் மிஞ்சியிருப்பார்கள். கிணற்றை அடைத்தது அவர்களோ என்னவோ.

எங்கள் ஊரின் முதல் வீடு எங்கள் வீடு. சின்னவன் இன்னும் தாய்ப்பாலில்தான் இருந்தான். அவன் வாயில் அந்தத் தண்ணீர் படுவதற்கு முன் வெளியே போய்விட வேண்டும் என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. மூன்று நாள் வீட்டுக்காரர் என்னோடு வாதாடினார். நாலாம் நாள் அவரே வண்டியைப் பூட்டினார். போகிற வழியில் காட்டில் இறங்கி, தாடையைக் கல் வீட்டுக்குள் வைத்து, ஓட்டையை ஒரு பலகைக் கல்லால் மறைத்தார். மகள் வண்டியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதியமான்கோட்டையில், ரோட்டோரத்துக் கடைக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் பாதி நாள் எங்களோடும் பாதி நாள் காட்டிலுமாகக் கிடந்தார். கிணற்றை அவர் மூடவில்லை. மற்றவர்கள் குடிக்கிற கிணற்றை மூட அவருக்குக் கை வரவில்லை, நானும் மூடச் சொல்லவில்லை. அடுத்த சில வருஷங்களில் இன்னும் ஆறு ஏழு வீடுகள் வெளியேறின, சிலர் சேலத்துக்கு, சிலர் பெங்களூருக்கு. நாத்தனார் கடைசி வரை அங்கேயேதான் இருந்தார்.

சின்னவனுக்குப் பால் பல் விழுந்து, புதுப் பல் வெள்ளையாக முளைத்தது. முதல் நாள் அதைப் பார்த்தபோது அவன் அக்காளுக்குத் தெரியாமல் அழுதேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். கோபத்தில் அவள் என்னை உரித்து வைத்தவள். நோட்டைத் தூக்கி என் முன்னால் போட்டாள். பழங்கால மக்கள் ஏன் மறைந்தார்கள் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் வெள்ளம், பஞ்சம், படையெடுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். இவள் மட்டும் தண்ணீர் குடித்து என்று எழுதியிருக்கிறாள். மேலே சிவப்பு மையில் தப்பு போட்டிருந்தது.

நான் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் என் தோள் உயரம்கூட வரவில்லை. கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட என் உயரம்.

"மத்தப் புள்ளைங்களவிட உனக்கு மட்டும் ஏன் காலு இவ்வளவு வளைஞ்சுதுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ காய்ச்சிக் குடுத்ததாலதான. தெரியும்மா" என்றாள் அவள். நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் சொன்னப்ப நானும் அங்கதான உக்காந்திருந்தேன்."

ஆறு வருஷத்துக்கு முன் டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய சாயங்காலம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு வீட்டில் வேறு தண்ணீர் கிடையாது. காய்ச்சி வைத்திருந்ததைக் கொல்லையில் கொட்டிவிட்டேன். அவள் தாகமாக இருக்கிறது என்றாள். குடத்திலிருந்து கிணற்றுத் தண்ணீரையே ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, குடிக்காமல், என் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சாத தண்ணீர் பழக்கமில்லாமல் தயங்குகிறாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு, "குடி" என்றேன். ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்தாள்.